எடைமேடையில் மச்சான்

என் மச்சானுக்கு வண்டி விஷயத்தில் ஒரே கொள்கைதான். ஏறி உட்கார வேண்டும். இறங்கி உட்காரக் கூடாது. மேலே இருக்கிற பிடியைப் பற்றிக்கொண்டு, படியில் கால் வைத்து, "முருகா" என்று ஒரு மூச்சு விட்டு ஏறினால்தான் அது வண்டி. மற்றதெல்லாம் அவர் கணக்கில் பொம்மை. அவரிடம் இருப்பது ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதே வண்டி வைத்திருக்கும் மற்ற மச்சான்மார்களும் சண்டைக்கு வருவார்கள். வெள்ளை நிறம், முன்னால் குரோம் பல்வரிசை, பின்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதற்குமேல் அடையாளம் வேண்டியதில்லை.

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. எடை 650 கிலோ சொச்சம். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதைத் தொடாத குதிரைசக்தி. மச்சான் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன் கூரையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். டப்பென்று சத்தம் வரும். "மாப்ளே, இது இன்னும் ஓடுதுங்களா?" என்பார். ஓடுகிறது என்பது அவருக்கே தெரியும். அவர் தங்கை அதில்தான் உழவர் சந்தைக்குப் போய் வருகிறாள்.

நம் ஊரில் வண்டி வாங்கப் போகிறவரிடம் மைலேஜ் எவ்வளவு, விலை எவ்வளவு, ரீசேல் எப்படி என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எடை எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆடு வாங்கினால் தூக்கிப் பார்க்கிறோம். பழைய பேப்பர் போட்டால் கடைக்காரரின் கையைப் பார்க்காமல் தராசையே பார்க்கிறோம். நாற்பது லட்சம் கொடுத்து வண்டி வாங்குகிறவர் மட்டும் அது எத்தனை கிலோ என்று தெரியாமலே மாலை போட்டு ஓட்டி வந்துவிடுகிறார்.

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். கோலின் சாப்மன். 1952ல் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கியவர். பவரைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும் வேகம் வரும், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் வேகம் வரும் என்பது அவர் கட்சி. 1957ல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் செவனில் ஒரு கார் ஓடுவதற்கு எது தேவையோ அது மட்டும் இருந்தது. மழை வந்தால் நனைய வேண்டியது ஓட்டுநரின் பொறுப்பு.

அவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. எடை தனியாக வராது, பரிவாரத்தோடுதான் வரும். வண்டி கனமானால் அதை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்கை உள்ளே வைக்கப் பெரிய சக்கரம், அதற்கு அகலமான டயர், அதைத் தாங்கத் தடித்த சஸ்பென்ஷன், இத்தனையையும் இழுக்கப் பெரிய எஞ்சின், அந்த எஞ்சினுக்குக் குடிக்கப் பெரிய டேங்க். எல்லாம் மாட்டி முடித்துப் பார்த்தால் வண்டி முன்பைவிடக் கனம். மறுபடியும் பிரேக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சாப்மன் இதே சங்கிலியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். ஒரு இடத்தில் கொஞ்சம் குறைத்தால் மற்ற இடங்களிலும் தானாகக் குறையும்.

மச்சானிடம் இதை விளக்கினேன். "அப்ப கட்டக்கடைசில சைக்கிள் வந்துருமுங்களே" என்றார். தர்க்கத்தில் அவர் சோடை போனவர் அல்ல.

சாப்மனுக்கு முன்பே பிரான்ஸில் எத்தோர் புகாட்டி இதே கட்சிதான். அவருடைய டைப் 35 பந்தய கார், 1924ல் வந்தது, முக்கால் டன் அளவில்தான் இருந்தது. எதிரே இங்கிலாந்தின் பெண்ட்லி ஆனை கணக்கில் இருந்தது. பெண்ட்லி உலகத்திலேயே வேகமான லாரி தயாரிக்கிறார் என்று புகாட்டி கிண்டல் செய்ததாக ஒரு பேச்சு உண்டு. அந்த லாரிதான் லெமான் 24 மணிநேரப் பந்தயத்தை 1924லும், பிறகு 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நாலு வருடமும் ஜெயித்தது என்பதை நான் மச்சானிடம் சொன்னதில்லை. அவரும் இந்தப் பத்திரிகையெல்லாம் படிக்கிறவர் இல்லை.

லேசுக்கட்சிக்கும் வெற்றிகள் உண்டு. 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ் முதலில் வந்தது. இரண்டாவதாக வந்தது எட்டு சிலிண்டர் ஃபோர்டு ஃபால்கன். எஞ்சினுக்குத் தக்கபடி சலுகை கொடுக்கும் கணக்கு ஒன்று அப்போது இருந்தது, அது மினிக்குக் கைகொடுத்தது என்று எதிர்க்கட்சியினர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். கோப்பை மினியிடம் இருக்கிறது.

எனக்கு இந்தப் பித்து தலைக்கேறியது இங்கிலாந்தின் நாரிச்சில். என் தங்கை மகன் அங்கே வேலை பார்க்கிறான். லோட்டஸ் தொழிற்சாலை இருக்கும் ஹெத்தல் அந்த ஊருக்குப் பக்கம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம். அவன் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸ் இருந்தது. லோட்டஸின் அன்றைய தலைவர் ரொமானோ அர்ட்டியோலியின் பேத்தி பெயர் எலீசா, அதிலிருந்து வந்த பெயர். பேத்தி பெயரை நாம் அரிசி மண்டிக்கு வைக்கிறோம், அவர்கள் காருக்கு வைக்கிறார்கள். 1996ல் விற்பனைக்கு வந்தபோது அதன் எடை 725 கிலோ. அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல் பசை போட்டு ஒட்டிய அடிச்சட்டம் வெறும் 68 கிலோ. என்னைவிட ஏழு கிலோ குறைவு. எஞ்சின் 118 குதிரைசக்தி. நம் ஊரில் இன்று குடும்பக் காருக்கே அவ்வளவு இருக்கிறது. ஆனால் எலீஸ் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடி வாக்கில் தொட்டுவிடும்.

நான் உள்ளே உட்காருவதற்கு அதைவிட அதிக நேரமானது. கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்கு, திண்ணை அகலத்தில் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. கூரையோ இடுப்பு உயரத்தில். ஒரு காலை உள்ளே விட்டேன். அந்தச் சட்டத்தின்மேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து சறுக்கி இருக்கையில் விழுந்தேன். வெளியே மிச்சமிருந்த காலைக் கையால் தூக்கி உள்ளே எடுத்து வைத்துக்கொண்டேன். தங்கை மகன் இதையெல்லாம் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். "மாப்ளையை எதுக்குங்க டிக்கியில வெச்சுப் பூட்டறாங்க?" என்று கோயமுத்தூரிலிருந்து உடனே பதில் வந்தது.

ஆனால் அந்த நண்பர் வண்டியை ஒரு ரவுண்டானாவில் திருப்பினாரே, அப்போது எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. சாயவில்லை, குலுங்கவில்லை. ஸ்டியரிங்கை நினைத்தார், வண்டி திரும்பியது. ரோட்டில் கிடந்த கல்லின் ஜாதகமே இடுப்புக்குத் தெரிந்தது. ஏசி இல்லை, தரைவிரிப்பு இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. பக்கத்தில் வந்த லாரியின் சக்கர நட்டுகள் என் கண்ணுக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தன. அறுபதில் போனாலும் நூற்றிருபதில் போகிற கிளர்ச்சி. மச்சான் வண்டியில் நூற்றிருபதில் போனால் தூக்கம்தான் வரும். இரண்டில் எது பாதுகாப்பு என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறேன்.

ஊர் திரும்பியதும் வாக்குவாதம் முற்றியது. "நம்ம வண்டி ஒண்ணும் அத்தனை கனமில்லீங்க மாப்ளே, பாக்கத்தான் அப்படி" என்றார் மச்சான். பொள்ளாச்சி ரோட்டில் அவருக்குத் தெரிந்தவர் எடைமேடை வைத்திருக்கிறார். தேங்காய், கொப்பரை லாரிகள் வரிசையில் நிற்க, நடுவே எங்கள் இரண்டு வண்டிகளும் போய் நின்றன. கம்ப்யூட்டரில் இருந்த பையன் தலையை நீட்டி, "என்ன லோடுங்க?" என்றான்.

"லோடு இல்ல தம்பி. காருதான்."

"அப்புறம் எதுக்குங்க எடை?"

எங்கள் இருவருக்குமே பதில் தெரியவில்லை. எடைச்சீட்டில் பொருள் என்ற கட்டத்தைக் காலியாக விட மெஷின் ஒத்துக்கொள்ளாது போல. பையன் கொஞ்சம் யோசித்து, எதையோ தட்டி, சீட்டை அடித்துக் கொடுத்தான். 2,290 கிலோ. பொருள்: காலி. மச்சான் அப்போது உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து என் வண்டி. என்னோடு சேர்த்து 740. மச்சானுக்கு மனசு ஆறவில்லை. இறங்கி வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. சிவப்பு எழுத்து 845 காட்டியது. அவர் வண்டியில் அவர் சில்லறை. என் வண்டியில் அவர் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதல் சுமை. லேசான வண்டி வைத்திருக்கிறவனுக்கு ஒவ்வொரு உறவினரும் ஒரு பொறியியல் பிரச்சினை என்பதை அன்றுதான் எண்ணிக்கையாகப் பார்த்தேன்.

மச்சானுக்கு ஆறுதல் சொல்லவும் ஒரு வண்டி இருக்கிறது. அமெரிக்காவில் ஹம்மரை மின்சார வண்டியாக மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். எடை நாலு டன்னுக்கு மேல். அதில் பேட்டரி மட்டுமே 1,300 கிலோ, அதாவது இரண்டு மாருதி 800. பவர் ஆயிரம் குதிரை. மணிக்கு அறுபது மைல் வேகத்தை மூன்று விநாடி சொச்சத்தில் தொடும் என்கிறார்கள். நாலு டன்னை அப்படிக் கிளப்புவது சாதனைதான், மறுக்கவில்லை. பிறகு அதை நிறுத்துகிறவர் யார் என்பதுதான் என் கவலை.

நிறுத்துவதன் அருமை தெரிய வேண்டுமானால் ஊட்டிக்குப் போய் இறங்க வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வருவதற்குள் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம். அத்தனை உயரத்தின் சக்தியும் எங்காவது போய்த் தொலைய வேண்டும். காற்றுக்கும் எஞ்சினுக்கும் கொடுத்தது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும். மச்சான் வண்டிக்கு அந்தச் சூடு என் வண்டியைப்போல் மூன்று மடங்கு. வளைவுகளிலும் இதே கதை. டயரின் மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை; அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். சின்ன கியரில் இறங்கினால் பிரேக் பிழைக்கும். ரோட்டோரத்தில் போர்டு வைத்தும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மச்சான் பெரிய மனிதர். சின்ன கியரில் இறங்குவதை அவர் கௌரவக் குறைவாக நினைக்கிறார். ஒருமுறை அப்படி இறங்கி வந்தபோது பர்லியாற்றில் கருகல் வாடை வந்தது. "யாரோ டயரைக் கொளுத்தறாங்க" என்றார். கொளுத்தியவர் அவரேதான். வண்டியை ஓரம் கட்டி, சக்கரம் ஆறும்வரை எல்லோரும் மங்குஸ்தான் தின்றோம். நான் பின்னாலேயே வந்து, ஹாரன்கூட அடிக்காமல் பக்கத்தில் நிறுத்தினேன். பண்பாடு என்று ஒன்று இருக்கிறதே.

என் மனைவி இரண்டு கட்சியிலும் இல்லை. அவள் கேள்வி ஒன்றே ஒன்று. "ஏனுங்க, எதுக்கால லாரி வந்தா என்ன பண்றது?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வண்டி மோதினால் லேசான வண்டிதான் அதிகம் அடி வாங்கும். நியூட்டனே வந்து வாதாடினாலும் மாறாது. என் 800ல் காற்றுப்பையும் கிடையாது. ஆனால் ஒன்று கவனித்தேன். லாரிக்குப் பயந்து மச்சான் பெரிய வண்டி வாங்கினார். மச்சான் வண்டிக்குப் பயந்து எதிர்வீட்டுக்காரர் அதைவிடப் பெரியது வாங்கினார். லாரிக்காரர் மட்டும் அதே லாரியில்தான் போய்க்கொண்டிருக்கிறார். பாரிஸ் நகரத்தார் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் முதல், வெளியூரிலிருந்து வரும் 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு நகர மையத்தில் பார்க்கிங் கட்டணம் மணிக்கு 18 யூரோ, மற்றவர்களுக்கு உள்ளதுபோல் மூன்று மடங்கு. எங்கள் ஊர் கிராஸ்கட் ரோட்டில் ஒரு எடைமேடை போட்டால் மாநகராட்சிக்கு நல்ல வருமானம். மச்சான் கவுன்சிலருக்கு வேண்டியவர் என்பதால் அது நடக்காது.

அவர் தட்டிப் பார்த்துச் சிரிக்கிற அந்த 796 சிசி எஞ்சினைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் கரிவரதன் அதை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய காரில் வைத்து ஃபார்முலா மாருதி ஆக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையை ஆரம்பித்தது அந்த வண்டியில்தான். 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் அணிக்கு ஓட்டினார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கே கரிவரதன் பெயர்தான். மச்சான் அந்த வழியாகத் தினமும் போகிறார். பெரிய வண்டி என்பதால் சின்ன போர்டு கண்ணில் படுவதில்லை.

இவ்வளவும் எழுதுகிறவனுக்கு ஒரு அடி விழ வேண்டும் அல்லவா? விழுந்தது. லேசான காரின் தந்தையர் இருவர் பெயரையும் பிற்காலத்தில் கனத்தின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். 2005ல் வந்த புகாட்டி வேரோன், 1,001 குதிரைசக்தி, எடை இரண்டு டன்னை நெருங்குகிறது. லோட்டஸ் சீனாவின் ஜீலி கைக்கு வந்த பிறகு எலெட்ரே என்று ஒரு மின்சார எஸ்யூவி செய்தார்கள். சுமார் இரண்டரை டன், மூன்று எலீஸுக்கு மேல். 2023ல் லோட்டஸ் முறைப்படி இந்தியாவுக்குள் நுழைந்தபோது முதலில் இறக்கியது அந்த எலெட்ரேயைத்தான், விலை இரண்டரைக் கோடிக்கு மேல். அந்த விளம்பரத்தை எனக்கு முதலில் அனுப்பி வைத்தவர் மச்சான். கீழே ஒரு வரி: "இது உங்க கம்பெனிதானுங்களே மாப்ளே?"

பதில் போடவில்லை. வாசகர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை ஷோரூமுக்குப் போனால் மைலேஜோடு எடையையும் கேளுங்கள். விற்கிறவருக்குத் தெரியாது, கையேட்டைப் புரட்டிக் 'கெர்ப் வெயிட்' எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆல்டோவும் ஸ்விஃப்ட்டும் இன்றைக்கும் ஆயிரம் கிலோவுக்குக் கீழேதான் இருக்கின்றன. அப்படி ஒன்று அமைந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். மச்சான்மார்களை மட்டும் பஸ்ஸில் வரச் சொல்லிவிடுங்கள்.