பிரசங்கம் பண்ண வந்த பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ஒன் பொண்டாட்டி பிள்ளைக்குப் பால் கொடுக்கிறா. நீ பக்கத்துல செல்போனைப் பிடிச்சுக்கிட்டு, "தாய்ப்பால் கொடுத்தா மார்புப் புற்றுநோய் வராதாம்"னு பாடம் நடத்துறியாமே? ரெண்டு பெத்து, ரெண்டுக்கும் பால் கொடுத்து எந்திரிச்சவன் பாரு நீ!

வராதுன்னு எவன்டா சொன்னான்? வர்ற வாய்ப்பு குறையும், அம்புட்டுத்தான். பெரியாஸ்பத்திரியில ஆயா வேலை பார்த்துப் பென்சன் வாங்குறவ சொல்றேன், கேட்டுக்க. 30 நாட்டுல நடந்த 47 ஆராய்ச்சியை ஒண்ணாச் சேத்து 2002-ல கணக்குப் போட்டாக. 12 மாசம் பால் கொடுத்தா, இருக்கிற வாய்ப்புல 4.3 சதவீதம் குறையுதாம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியா 7 சதவீதம். எத்தனை பிள்ளைக்குக் கொடுத்தாலும் மாசமெல்லாம் ஒரே கணக்குல சேரும், சீட்டுப் பணம் மாதிரி. அதுக்குள்ள ஏழெட்டு பெத்துக்கலாம்னு ஒனக்குக் கண்ணு மின்னுது பாரு, எடு வெளக்கமாத்தை!

காரணமும் இருக்குடா. பால் கொடுக்கிற காலத்துல தூரம் தள்ளிப்போகும், ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மட்டுப்படும். மார்ல இருக்கிற செல்லும் பால் சுரக்கிற வேலைக்கு முழுசா முத்திரும். முத்துனது தடம் மாறுறது கம்மி. ஒனக்கு எப்ப முத்தப்போகுதோ, தெரியல.

ஹாங்காங்குல படகுலயே குடியிருந்த தாங்கா சனத்தைக் கேள்விப்பட்டிருக்கியா? அந்தப் பொம்பளைக சட்டை வலது பக்கம் திறக்கும். அதனால வலது மார்ல மட்டும் பால் கொடுக்கிறது வழக்கமாப் போச்சு. தூரம் நின்ன கிழவிகளை 1977-ல ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா, பால் கொடுக்காத இடது பக்கத்துலதான் புற்று அதிகம். சின்ன ஆராய்ச்சிதான், ஆனா ஒரே ஒடம்புல ரெண்டு சாட்சி கெடைச்சிருக்கு பாத்தியா!

அதுக்காக, நோய் வந்தவளைப் பார்த்து, "ஒழுங்காப் பால் கொடுக்கலையோ"ன்னு ஒங்கம்மா மாதிரி கேட்டு வைக்காத. அஞ்சு பிள்ளைக்குக் கொடுத்தவளும் வார்டுல படுத்திருந்தா. பால் சுரக்காதவ பாவமும் பண்ணல.

மாசக்கணக்காப் பால் கொடுக்கணும்னா அவளுக்கு நேரம் வேணும்ல? நம்ம நாட்டுல 2017-ல பிரசவ லீவுச் சட்டத்தைத் திருத்தி, கம்பெனியில வேலை பாக்குறவளுக்குச் சம்பளத்தோட 26 வாரம் லீவு கொடுத்திருக்காக. லீவு முடிஞ்சா? ராத்திரி மூணு தடவை எந்திரிச்சவ, காலையில சோறு பொங்கி டப்பா கட்டிக்கிட்டு ஓடணும். பிள்ளை குடிக்கும்போதே அவளுக்கு நாக்கு வறளும். தண்ணிச் சொம்பு எங்க இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? அடுப்பங்கரையிலடா. எந்திரிச்சுப் போயி எடுத்துக் கொடு. அப்படியே துணியையும் அலசிப் போடு. பால் கொடுக்கிறதைத் தவிர மத்ததெல்லாம் ஆம்பளைக்கும் வரும்.

இன்னொண்ணு. பால் கட்டுனா கட்டி தட்டும். பால் இறங்குனா ரெண்டு மூணு நாள்ல பெரும்பாலும் கரைஞ்சிரும். காய்ச்சல் அடிச்சாலோ, ஒரு வாரமாகியும் கட்டி கரையலைன்னாலோ, பால்கட்டுதான்னு நீயா தீர்ப்புச் சொல்லாத. செல்போனைச் சட்டைப்பையில போட்டுட்டு, அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.