கத்தி என்னவோ நல்ல கத்திதான்

மலையேறுகிறவன் கையில் கத்தி இருக்க வேண்டும் என்று எந்த மலையும் என்னிடம் சொன்னதில்லை. சொன்னது 1982-இல் வந்த முதல் ராம்போ படம். அதில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் வைத்திருந்த கத்தியைச் செய்தவர் ஜிம்மி லைல் என்ற அமெரிக்கர். குழாய் மாதிரிப் பிடி, அதற்குள் ஊசியும் நூலும், மூடியில் திசைகாட்டி, அலகின் முதுகில் ரம்பப் பல். லைல் செய்தது தேர்ந்த கைவேலை. நான் வாங்கியது அதற்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, சாயல் மட்டும்.

மடக்குக் கத்தி வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததில் தப்பில்லை. மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டு. மடங்காத கத்திக்கு மூட்டே கிடையாது. உறையிலிருந்து உருவினால் வேலை, கழுவினால் சுத்தம். ஆனால் நான் வாங்கியதில் பிடியே குழாய். அலகின் இரும்பு பிடிக்குள் நீளமாகப் போக வழியில்லாமல், கழுத்தோரத்தில் ஒரு போல்ட்டை நம்பி நின்றது. வாங்கிய சில நாளிலேயே தலையாட்ட ஆரம்பித்தது. ரம்பப் பல் மரத்தை அறுக்கவில்லை, சிராய்த்தது. என் பையின் உள்துணியை மட்டும் அருமையாக அறுத்தது. திசைகாட்டி தனிக் கதை. எஃகு அலகுக்குப் பக்கத்தில் காந்த ஊசியை வைத்தால் அது வடக்கைக் காட்டுமா, கத்தியைக் காட்டுமா? ஒரு சரிவில் நின்றுகொண்டு, சூரியன் தெற்கே மறைகிறது என்று கூட வந்தவர்களிடம் வாதாடியிருக்கிறேன்.

சூடுபட்டவன் படித்தவனாக மாறினேன். இரவெல்லாம் யூடியூப். ‘ஃபுல் டேங்’ என்றால் அலகின் எஃகு பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓடுவது; ‘1095’ என்ற எஃகுப் பெயரின் கடைசி இரண்டு எண்கள் அதில் ஏறத்தாழ 0.95 சதவீதம் கரி இருப்பதைச் சொல்பவை; கத்தியின் முதுகை மரக்கட்டையால் அடித்து விறகு பிளப்பதற்குப் பெயர் ‘பேட்டனிங்’. அத்தனையும் மனப்பாடம். அந்த வேகத்தில் இரண்டாவது கத்தி வந்தது: ஏழு அங்குல அலகு, ஆறு மில்லிமீட்டர் கனம், இடுப்பில் மாட்டினால் பேண்ட் ஒரு பக்கம் இறங்கும். நம் நாட்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத் தனி வகையில் வைக்கின்றன; வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த அளவுக்குள் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். இதை வைத்து எதை வெட்டப் போகிறேன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

விறகு பிளக்கத்தான் என்று நினைத்திருந்தேன். எங்கே? நாம் நடக்கிற மலைப்பாதைகளில் முக்கால்வாசி காப்புக்காடு. அங்கே மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் இந்த மலைகளில் நெருப்பு மூட்டி டீ போடுவதை வீரமாகக் கனவு கண்டவன் நான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆக, கத்திக்கு மிஞ்சியது சாப்பாட்டு வேலை. ஆறு மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளரிக்காய் வெட்டுப்படாது, பிளக்கும். பாதி துண்டு புல்லில் உருளும். தக்காளி நசுங்கும். கடப்பாரையால் பல் குத்துகிற வேலை. வழிகாட்டியாக வந்த மலைக்கிராமத்துப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எதுக்குண்ணே?”

“அவசரத்துக்குப்பா.”

“அவசரம்னா ஒரு குரல் குடுங்க. நான் முன்னாடிதானே போறேன்.”

அந்தக் கத்தியை ஒழித்தது காடில்லை, நான்தான். கரி எஃகு கூர் ஏற எளிது, துருவும் எளிது. துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டியதை ஈரத்தோடு தோல் உறையில் செருகி அலமாரியில் போட்டேன். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலம் முடிந்து உருவினால் அலகெங்கும் செம்புள்ளி. சாணைக்கல்லில் பொறுமையாகத் தேய்த்திருந்தால் போயிருக்கும். பொறுமை இருந்தால் நான் ஏன் அந்த உருப்படியை வாங்கியிருக்கப் போகிறேன்? வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் கிரைண்டரில் கொடுத்தேன். பொறி பறந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முடிந்தபோது விளிம்போரம் நீலம் பூத்திருந்தது. பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “பதம் போயிருச்சு சார், இனிமே கூர் நிக்காது” என்றார். எஃகு நீலம் பூக்கிற அளவுக்குச் சூடேறினால், கொல்லர் நெருப்பிலும் நீரிலும் ஏற்றிய கடினம் இறங்கிவிடும். அவசரப்பட்டது நான், கிரைண்டர் பாவம்.

மூன்றாவதாக ஒரு கத்தி வாங்கியிருக்கிறேன் என்று சொல்லவே கூச்சம். சுவீடனில் மோரா என்ற ஊரின் பெயரையே தாங்கிய கம்பெனி, 1891-லிருந்து கத்தி செய்கிற மரபு. ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அலகு, இரண்டரை மில்லிமீட்டர் கனம், துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் உறை, வழுக்காத ரப்பர் பிடி. தச்சர் பெட்டியில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘ஃபுல் டேங்’ இல்லாவிட்டால் அது கத்தியே இல்லை என்று நான் ஊரெல்லாம் உபதேசம் செய்திருந்தேன்; இதில் எஃகு பிடியின் கடைசிவரை போகாமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. இன்றுவரை அது ஒருமுறைகூடத் தலையாட்டவில்லை. கயிறு அறுத்தது, பிளாஸ்திரி வெட்டியது, அறுந்த செருப்பு வாருக்கு ஓட்டை போட்டது. வெள்ளரிக்காய் வட்டம் வட்டமாக விழுகிறது.

அவசரம் என்ற சொல்லை மட்டும் நான் விடவில்லை. யாராவது சிரித்தால் ஆரோன் ரால்ஸ்டனை இழுப்பேன். 2003-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலையிடுக்கு ஒன்றில், பாறை புரண்டு அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் தவித்து, கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு பிழைத்தார். ‘127 ஹவர்ஸ்’ என்று 2010-இல் படமாகவும் வந்தது. பாருங்கள், கத்தி உயிரைக் காப்பாற்றவில்லையா என்பேன்.

அந்தக் கதையை ஒழுங்காகப் படித்தபோது என் வாதம் என் மேலேயே விழுந்தது. அவரிடம் இருந்தது மலிவான, மழுங்கிப்போன பல்வேலைக் கருவி. நல்ல கத்தி இருந்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அத்தனை நாள் அவரைத் தேடி யாரும் வராததற்குக் காரணம் கத்தி இல்லை. எங்கே போகிறேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நான்? கத்தி வாங்கியதை ஆபீஸில், வாட்ஸ்அப் குழுவில், பால்காரரிடம்கூடச் சொன்னேன். எந்த மலைக்குப் போகிறேன், எந்த வழியில் இறங்குவேன் என்பதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. “வெளியூர் போறேன், ஞாயித்துக்கிழமை வந்துருவேன்” என்பதுதான் நான் விட்டுச்சென்ற முழுத் தகவல்.

இப்போது புறப்படுமுன் பாதையின் பெயர், வழிகாட்டியின் எண், இறங்கும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறேன். பையில் டார்ச்சும் விசிலும் இருக்கின்றன. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். மலையேறுகிறவர்களுக்குள் அது பழைய வழக்கம். கத்தி செய்யாத வேலையை இருபது ரூபாய் விசில் செய்யும். அதை யாரும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “எங்கேப்பா வாங்கினே?” என்று கேட்பதில்லை. கத்திகளையெல்லாம் வாங்கிய பிறகு கடைசியில் விசிலை வாங்கியதற்கு எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை.