பார்டரில் பாஸ்

சர்க்கரை ‘பார்டர்ல இருக்கு’ என்று டாக்டர் சொன்னதும் அதை ‘ஜஸ்ட் பாஸ்’ என்று புரிந்துகொள்ளும் வம்சம் நம்முடையது. மூன்று மாதச் சராசரி 5.7க்கும் 6.4க்கும் நடுவே இருந்தால் பார்டர். எனக்கு 6.1. சந்தோஷத்தில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டேன்.

ராத்திரியானால் உள்ளங்கால் எரிந்தது. செருப்புதான் சரியில்லை என்று முடிவுகட்டி, விலை கூடின செருப்பாக வாங்கினேன். தூங்கும்போது நான் செருப்பு போடுவதில்லை என்பது பில் கட்டிய பிறகுதான் உறைத்தது.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு நைலான் இழையை எடுத்தார். அது பாதத்தில் படுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். பரீட்சை என்றாலே எனக்குப் பதற்றம். “தெரியுது சார், நல்லாவே தெரியுது” என்றேன். “இன்னும் தொடவே இல்லீங்க” என்றார்.

உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குத்தான் போகின்றன. சர்க்கரை முதலில் கைவைப்பதும் அவற்றின் நுனியில்தான். அதற்குச் சர்க்கரை நோயாளி என்ற பட்டம் வேண்டியதில்லை, பார்டரே போதுமாம். ‘அது சின்ன ஜாங்கிரி சார்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

வைட்டமின் டியும் பார்த்தார்கள். 20க்குக் கீழே போனால் குறைபாடு, எனக்கு 11. மொட்டைமாடியில் வடகம் மொறுமொறுவென்று காய்கிற சென்னையில்! நானும் வெயில் காய்ந்தவன்தான், ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து. தோலில் டியை உண்டாக்கும் புறஊதா ‘பி’ கதிர் கண்ணாடியைத் தாண்டி வராதாம். எனக்கு வந்தது வியர்வை மட்டும்.

டி குறைந்தவர்களிடம் நரம்புப் பாதிப்பு கூடுதலாகத் தென்படுவதாக ஆய்வுகள் உண்டு. டி குறைவதால் நரம்பு கெடுகிறதா, நடக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வருகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. அந்த ஆள் யார் என்பதில் மட்டும் என் மனைவிக்குச் சந்தேகமில்லை.

“டி ஏறினா சுகர் இறங்கிடும்ல சார்?” என்றேன். அமெரிக்காவில் பார்டர்காரர்கள் 2,423 பேரை வைத்துப் பார்த்து, 2019இல் முடிவு சொல்லிவிட்டார்களாம். பாதிப் பேருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்தும், சர்க்கரை நோய் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. வாக்கிங்கை மாத்திரை தலையில் கட்டும் என் திட்டம் அங்கேயே படுத்தது.

ஆனாலும் குறைபாடு குறைபாடுதானே. வாரம் ஒரு பாக்கெட், 60,000 யூனிட் பவுடர். கொழுப்போடு போனால்தான் நன்றாக உடம்பில் சேரும், பாலில் கலந்து குடியுங்கள் என்றார். கொழுப்புதானே முக்கியம் என்று நான் பால்கோவாவுக்கு மாறினேன்.

“என்னங்க, பவுடர் வாரத்துக்கு ஒரு தடவைதானே? பால்கோவா டப்பா ஏன் தினமும் இறங்குது?” என்றாள் மனைவி.