விளம்பி வருஷத்துக் கல்யாணம்

முப்பத்திரண்டு வருஷம் தமிழ்ப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் அவமானம் முழுசாக இறங்க வேண்டும் அல்லவா?

அப்பா போனபிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு மொய் நோட்டு. அட்டை இல்லை. தலைப்பில் 'விளம்பி வருஷம் தை மாதம்'. எனக்குக் கை நடுங்கியது. கொள்ளுத்தாத்தா பினாங்கில் கப்பலிறங்கி, ரயிலில் கெமாஸ் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே தோட்டத்துக்குப் போனார் என்பது எங்கள் வீட்டுக் கதை. கதையைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தாத்தாவின் தம்பி சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாத அந்த ஜப்பான்காரன் காலத்தோடு எல்லாம் போய்விட்டது.

விளம்பி எந்த வருஷம் என்று பார்த்தேன். 1898-99. அப்படியானால் தை என்பது 1899. கொள்ளுத்தாத்தாவின் கல்யாணமேதான்! அறுபது வருஷத்துக்கொரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாதா? பிரபவ, விபவ என்று பிள்ளைகளை மனப்பாடம் பண்ணவைத்தவனே நான்தான். ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மடியில் வந்து விழும்போது 1959ஐ எவன் திரும்பிப் பார்ப்பான்?

பிறகு ஆராய்ச்சி. பல பெயர்களுக்கு எதிரே '௨'. பிள்ளையார் சுழி என்று எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு சுழி, என்ன பக்தி! சிலருக்கு '௫'. ரூபாயின் சுருக்கம், தொகையை எழுத மறந்துவிட்டார்கள். வெள்ளி புழங்கும் நாட்டில் ரூபாய் எப்படி? ஊரிலிருந்து மடியில் முடிந்து கொண்டுவந்ததாக இருக்கும். தோட்டத்துக் கிராணிக்கு மட்டும் '௰'. யாழ்ப்பாணத்தார் என்பதைச் சுருக்கி 'ய' போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கிராணிமாரில் யாழ்ப்பாணத்தார் நிறைய என்பதால் இந்த முடிவில் எனக்குத் தனிப் பெருமை.

தீபாவளிக்குக் குடும்பமே கூடும் நாளில், '1899 முதல்' என்று ஆறடி பேனர் அடித்துக் கட்டினேன். சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். அத்தையின் பேத்தி, பதினைந்து வயசு, கையில் முறுக்கோடு கேட்டாள்: "மாமா, இதுல 'கெமாஸ் ரயில்வே லயன் தண்டல்'னு ஒருத்தர் இருக்காரே, கெமாஸுக்கு ரயில் எப்ப வந்துச்சு?"

1906. சிங்கப்பூர் பாதையும் தும்பாட் பாதையும் பிரிகிற ஜங்ஷனில், தண்டவாளச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன் நான். அந்த வருஷத்தை வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் தோட்டம் போட ஆரம்பித்ததே 1896இல்தான் என்றும் அதே வாயால் சொல்லிக்கொடுத்தேன். பேனர் அடித்தபோது அதெல்லாம் எங்கே போயிருந்ததோ.

"பிறந்ததாவது பத்தொன்பதாம் நூற்றாண்டுதானே?" என்று பேரம் பேசிப்பார்த்தேன்.

அதற்குள் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கினார். தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தாத்தா கணக்கெழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் எண் பழகியவர்.

"டேய், இது என் கல்யாணம்டா. மெர்டேக்கா ஆகி ரெண்டாவது வருஷம்." விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். "தண்டல் ரெண்டு வெள்ளி. டிரஸ்ஸர் அஞ்சு. கிராணி பத்து. அப்ப பத்து வெள்ளின்னா சும்மாவா?"

பிள்ளையார், ரூபாய், யாழ்ப்பாணம் மூன்றும் ஒரே மூச்சில் போயின. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அத்தைப் பேத்தி மட்டும், "சார், உங்களுக்குத் தமிழ் எண் நடத்தலையா?" என்றாள். அதுவரை மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை நோட்டைத் திருப்பித் தரவில்லை. அந்த டிரஸ்ஸர் வீட்டுக்கு நாங்கள் இன்னும் மொய் திருப்பிச் செய்யவில்லையாம். அவருடைய பேரன் மகளுக்கு அடுத்த மாதம் சிகாமட்டில் கல்யாணம்.

"நீயே போய் எழுதிட்டு வா. அஞ்சு வெள்ளின்னு எழுதிடாதே, விலைவாசியைப் பாத்து எழுது" என்றார் அத்தை.