செக்ரட்டேரியட் முன்னால் ஒரு வேலைநிறுத்தம்

திருவனந்தபுரத்தில் வேலை செய்ய மறுப்பவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற இடம் செக்ரட்டேரியட் வாசல். பழைய மாருதி 800-க்கும் இது தெரிந்திருக்கிறது. ஓவர்பிரிட்ஜில் ஒழுங்காகப் புறப்படும். ஆயுர்வேதக் கல்லூரி, புளிமூடு என்று ஏறி, செக்ரட்டேரியட் முன்னாலுள்ள ஸ்டாச்யூவை நெருங்கியதும், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இருக்காது. பின்னால் வரும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஹாரன் அடித்து ஆதரவு தெரிவிக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஆசான் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் பாய்ந்து போகும். "ஒரு கொழப்பமும் இல்ல சாரே" என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஃபில்டர் பாதி அடைத்திருந்தால் சமதரையில் பெட்ரோல் போதும், ஏற்றத்தில்தான் பஞ்சம். இக்னிஷன் காயில் சூட்டில் மக்கர் பண்ணும், ஆறினால் பரம சாது. டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வர மறுக்கும். மூடியைத் திருகினால் 'உஸ்'ஸென்று ஒரு சத்தம், வண்டி மறுபடி ஓடும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆகவே யாரும் இதை முதலில் செய்வதில்லை, கார்புரேட்டரைத்தான் கழற்றுவார்கள்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும், உண்மைதான். ஆனால் பத்து வருஷமாக நின்று நின்று ஓடிய வண்டிக்காரரும் அதன்மேலேயே பழி போடுகிறார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஒருவர் எத்தனால் பெட்ரோலைக் கண்டித்து மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். அவர் ஓட்டுவது பேட்டரி ஸ்கூட்டர்.