ஷாலிமாரில் வந்திறங்கிய ஃபேஷன்

லேக் மார்க்கெட், கொல்கத்தா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம், என் முழங்கால் இரண்டைத் தவிர. உன் மகளும் அவள் காலேஜ் ஃபேஷன் கிளப்பும் நேற்று பத்திரமாக ரயிலேறிவிட்டார்கள். அத்தானிடம் சொல்லிவிடு.

"சும்மா ஊரைச் சுத்திக் காட்டுங்க மாமா, போதும்" என்றுதான் போனில் சொன்னாள். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்து ஷாலிமாரில் இறங்கியதும் முதல் புகார், "ஹௌரா பாலம் எங்கே?" இந்த வண்டி இப்போதெல்லாம் ஹௌரா ஸ்டேஷனுக்குப் போவதில்லை என்றேன். பாலத்தை நான் பீரோவில் வைத்துப் பூட்டிய மாதிரி அத்தனை பேரும் பார்த்தார்கள்.

முதலில் கரியாஹாட். நம்ம மதுரை விளக்குத்தூண் நெரிசல்தான். கூடவே மீன் வாசனை. நடைபாதைக் கடைக்காரர் ஒரு சேலைக்கு 600 என்று வங்காளத்தில் சொன்னார். உன் மகள் "இருநூறு, அண்ணே" என்று தமிழிலேயே ஆரம்பித்தாள். அவர் வங்காளத்தில் புலம்ப, இவள் தமிழில் புலம்ப, 280-க்கு முடிந்தது. இத்தனை வருஷமாக வங்காளத்தில் பேரம் பேசுகிற நான் 350-க்குக் கீழே இறக்கியதே இல்லை.

ஃபேஷன் டிசைனர் சப்யசாச்சி முகர்ஜி கடைக்குப் போகணும் என்றார்கள். இந்த ஊர்ப் பையன்தான், சால்ட் லேக் நிஃப்டில் படித்தவர். என் பி.எஃப். பணத்தை நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

அதற்குப் பதிலாக மேட்டியாபுருஸ். அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் ராஜ்யத்தை வெள்ளைக்காரன் 1856-இல் பிடுங்கிக்கொண்ட பிறகு, அவர் வந்து குடியேறிய இடம். சமையல்காரர், தையல்காரர் என்று ஒரு பரிவாரமே கூட வந்தது. இன்றும் சந்துக்குச் சந்து தையல் மெஷின் சத்தம்; குழந்தைகள் உடுப்பு மூட்டை மூட்டையாக வெளி மாநிலங்களுக்குப் போகிறது. ஒரு பட்டறையில் துணியை உயரமாக அடுக்கி, கரண்டு கத்தியை வளைத்து ஓட்டினார் ஒருவர். ஒரே இழுப்பில் அத்தனை கவுனுக்கும் கழுத்து வந்துவிட்டது! நான் வாயைப் பிளந்து நின்றேன். ஃபேஷன் கிளப் ஐந்து நிமிஷம் பார்த்தது. மத்தியானம் பிரியாணிக்குள் முழு உருளைக்கிழங்கு கிடந்ததைத்தான் அரை மணி நேரம் படம் பிடித்தார்கள்.

ஜோராசாங்கோவில் தாகூர் வீட்டுக்குள் நுழைந்ததும் கொட்டாவி. "கவிஞர் வீட்டில் எங்களுக்கு என்ன மாமா?" கவிஞரை விடுங்கள், அவர் அண்ணியைக் கேளுங்கள் என்றேன். ஞானதானந்தினி தேவி. கணவர் சத்யேந்திரநாத், ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். மனைவியைப் பம்பாய்க்குக் கூட்டிப்போக வேண்டும். அந்தக் காலத்து வங்காளப் பெண்கள் வீட்டுக்குள் கட்டிய ஒற்றைச் சேலையோடு வெளியே போக முடியாது. பிரெஞ்சுத் தையல் கடையில் ஒரு உடுப்பு தைத்தார்களாம். அதைத் தனியாகப் போட்டுக்கொள்வதே பெரும்பாடு. பம்பாயில் பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்த அம்மையார் அதையே கொஞ்சம் மாற்றி, முந்தானையை இடது தோளுக்குக் கொண்டுவந்து, ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்து ஊர் திரும்பினார். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வரலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வேறு!

"அப்போ அம்மா கட்டுறது இந்த வீட்டு ஸ்டைலா?" என்றாள் உன் மகள். ஏறக்குறைய அப்படித்தான். நம்ம ஆத்தா மட்டும் கடைசி வரைக்கும் பின்கொசுவம்தான். தாகூர் வீட்டு மருமகளே நேரில் வந்து சொல்லியிருந்தாலும் "போடி வேலையைப் பாத்துக்கிட்டு" என்றிருப்பாள்.

அதற்கப்புறம் கொட்டாவி இல்லை. ஒருத்தி துப்பட்டாவை வைத்தே கட்டிப் பார்த்தாள். காவலாளி வந்து விரட்டும்வரை அங்கேதான் இருந்தோம்.

அக்கா, அடுத்த வருஷமும் டூர் இருக்கிறதாம். சூரத்துக்குப் போகச் சொல். ஜவுளிக்குப் பேர்போன ஊர், நமக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை.

அன்புடன்,
உன் தம்பி