மைனஸ் சி படுத்திய பாடு

கிட்டில் பிரான்ச் போடுவதைப் போல மலிவான வேலை கிடையாது. நாற்பது எழுத்தில் ஒரு கமிட் எண், கடைசியில் ஒரு நியூலைன்; ஆக 41 பைட்டில் ஒரு ஃபைல். இந்த மலிவுதான் வினை. எங்கள் டீமில் டீக்குப் போகுமுன் ஒரு பிரான்ச், வந்தபின் ஒரு பிரான்ச் என்று போட்டுத் தள்ளுவார்கள்.

அப்படிப் போட்ட தம்பி ஒருவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றான். அந்த நேரத்தில் யார் வந்து நின்றாலும் ரிலீஸில் கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

“அண்ணா, புது பிரான்ச்லதான் இருக்கேன். புஷ் பண்ணா ரிலீஸ் பிரான்ச்சுக்குப் போவுது.”

“போகாதேப்பா.”

“போவுதுண்ணா.”

கண்ணெதிரே தட்டிக் காட்டினான். போனது.

சர்வரைத் திட்டினோம், நெட்வொர்க்கைத் திட்டினோம். பிறகுதான் டெர்மினல் ஹிஸ்டரியைப் புரட்டத் தோன்றியது. அதில் ‘கிட் பிரான்ச் மைனஸ் சி’ உட்கார்ந்திருந்தது.

“மைனஸ் சி எதுக்குப்பா?”

“சி-ன்னா கிரியேட்தானேண்ணா?”

அவனைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. 2019-இல் வந்த கிட் ஸ்விட்ச்சில் சி என்றால் கிரியேட்தான். 2017-இல், 2.15 பதிப்பில், கிட் பிரான்ச்சுக்கு வந்த சி-யோ காப்பி. அதுவும் கமிட்டோடு நிற்காது. பழைய பிரான்ச்சின் ரெஃப்லாக், கான்ஃபிக் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் திருத்தினால் விலாசம் மாறுமா? புது பிரான்ச்சின் அப்ஸ்ட்ரீம் ரிலீஸாகவே இருந்தது.

அப்போதும் கிட் தடுத்திருக்க வேண்டும். 2014-இல் வந்த 2.0 பதிப்பு முதல், புஷ் டிஃபால்ட் ‘சிம்பிள்’. பிரான்ச் பெயரும் அப்ஸ்ட்ரீம் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடும். தம்பியின் கான்ஃபிக்கில் அந்த இடத்தில் ‘அப்ஸ்ட்ரீம்’ என்றிருந்தது. எப்படி வந்தது என்றால், வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ ஒரு சீனியரின் கான்ஃபிக்கை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டானாம். அந்தக் காப்பிக்கு மைனஸ் சி கூடத் தேவைப்படவில்லை.

புது பிரான்ச் வேண்டுமென்றால் ஸ்விட்ச் மைனஸ் சி போடுங்கள். பழைய ஆட்கள் செக்அவுட் மைனஸ் பி. புஷ்ஷுக்கு முன் ‘கிட் பிரான்ச் மைனஸ் விவி’ அடித்து, அப்ஸ்ட்ரீம் எது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சீனியரின் கான்ஃபிக்கோடு வாழ்கிறவர்கள் இரண்டு தடவை.